காலில் அடைத்தது, இதயத்தில் பிறந்தது

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பாரசீகப் பூனைகளை வளர்த்தோம். இரண்டுக்கும் ஆறு வயது. பெரியவன் வெள்ளையன் போன மாதம் ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்கு அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தான். பின்னங்கால் இரண்டும் செயலற்றுத் தரையில் இழுபட்டன. அலமாரி மேலிருந்து விழுந்திருப்பான் என்று நினைத்து எண்ணெய் தடவி உருவிவிட்டேன்; வெந்நீர்ப் பையும் வைத்தேன். விடிந்ததும் மருத்துவரிடம் தூக்கிப்போனோம். இரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்றார். மறுநாள் மாலை இறந்துவிட்டான். நான் உருவியதால்தான் இறந்தானா? அவன் தம்பி சாம்பு நன்றாகத்தான் இருக்கிறான். அவனுக்கும் வந்துவிடாமல் இருக்க, என் மாமனார் தினமும் சாப்பிடும் ஆஸ்பிரின் 75 மாத்திரையைக் கொடுக்கலாமா? எங்கள் நாய் ராணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து சிகிச்சையில் இருக்கிறாள். இரத்தம் குறைந்திருக்கிறதாம். அவளுக்கும் இரத்தம் உறைந்துபோகுமா?
– ஓர் ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அன்புள்ள அம்மா, உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உருவிவிட்டதால் வெள்ளையன் இறக்கவில்லை. அவன் அலறியபோதே கட்டி வந்து அடைத்துவிட்டது. எண்ணெயும் வெந்நீர்ப் பையும் உதவியிருக்காது. வலியைக் கொஞ்சம் கூட்டியும் இருக்கலாம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவன் உயிரை எடுத்தது, அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அவன் நெஞ்சுக்குள் தொடங்கிவிட்ட ஒரு நோய்.

பூனைகளுக்கு இதயத் தசை தடித்துப்போகும் நோய் ஒன்று உண்டு. பிரிட்டனில் காப்பகப் பூனைகளுக்கு எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைத் திரையில் காட்டும் சோதனை, எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. வெளிப்பார்வைக்கு நலமாக இருந்த அந்தப் பூனைகளில் ஏறக்குறைய ஏழில் ஒன்றுக்கு இந்த நோய் இருந்தது. அவற்றில் பல ஒரு தொல்லையும் இல்லாமல் ஆயுளை முடித்துவிடும். சிலவற்றில் மட்டும் தடித்த தசை விறைத்துப்போய், இதயத்தின் இடது கீழறை சரியாக விரிய மறுக்கும். உள்ளே வர வேண்டிய இரத்தம் மேலறையில் தேங்கும். மேலறை ஊதிப் பெருக்கும். அந்த அறையின் ஓரத்தில் காது மடல் போல ஒரு சிறு பை இருக்கிறது. இரத்தம் அதில் குட்டைத் தண்ணீர் மாதிரி நின்றுவிடும். எக்கோ திரையில் அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊதுவத்திப் புகை சுழல்வது போல, வெண்மையாக, மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். அந்தப் புகையைக் கண்டால் அடுத்தது கட்டிதான் என்று மனம் கனத்துவிடும்.

அங்கே உறைந்த கட்டி ஒருநாள் பிய்த்துக்கொண்டு பெருந்தமனியில் இறங்குகிறது. பெருந்தமனி இடுப்பருகே பின்னங்கால்களுக்காகப் பிரியும் இடம் குறுகலானது. பெரும்பாலும் அந்தக் கவட்டில், குதிரை முதுகில் சேணம் போட்டாற்போல், கட்டி உட்கார்ந்துவிடும். வெறும் அடைப்பாக இருந்தால்கூடப் பக்கத்துக் கிளைக் குழாய்கள் வழியாகக் காலுக்குக் கொஞ்சம் இரத்தம் போயிருக்கும். கட்டியிலுள்ள தட்டணுக்கள் (இரத்தத்தை உறையவைக்கும் நுண்ணணுக்கள்) வெளிவிடும் இரசாயனங்கள் அந்தக் கிளைகளையும் சுருக்கிவிடுகின்றன. அதனால்தான் நொடியில் கால் செத்தாற்போல் ஆகிறது, வலி அவ்வளவு கொடூரமாக இருக்கிறது.

விழுந்து அடிபட்டது என்று நினைத்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். என்னிடம் வருகிறவர்களும் அநேகமாக அதையேதான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். மேசையில் வைத்ததும் நான் முதலில் பார்ப்பது பாதத்தின் அடியிலுள்ள மெத்தையைத்தான். முன்னங்காலில் அது ரோஜா நிறத்தில் இருக்கும். பின்னங்காலைத் திருப்பினால் வெளிறி, நீலம் பாரித்துக் கிடக்கும். என் இரண்டு கைகளிலும் ஒரு முன்னங்காலையும் ஒரு பின்னங்காலையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒன்று சூடாக இருக்கும், மற்றது மழையில் நனைந்த செங்கல் போலச் சில்லிட்டிருக்கும். தொடையின் உட்புறத்தில் நாடி கிடைக்காது. பின்னங்காலின் ஆடுசதை கல்லாக இறுகியிருக்கும். முதுகெலும்பு அடிபட்ட பூனைக்குக் கால் அசையாவிட்டாலும் சூடும் நாடியும் இருக்கும். கறுப்புப் பாதம் உள்ள பூனைகளில் நிறம் தெரியாது. அங்கே சூட்டையும் நாடியையும் நம்ப வேண்டும். கட்டி எப்போதும் இரண்டு பின்னங்கால்களையும் பிடிப்பதில்லை. ஒரு காலை மட்டும் பிடிக்கலாம், சில சமயம் முன்னங்காலையும் பிடிக்கலாம்.

இனி யார் வீட்டிலாவது இப்படி நடந்தால், செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உருவாதீர்கள். அந்தத் தசை இரத்தமின்றித் தவித்துக்கொண்டிருக்கிறது. பிசைந்தால் மேலும் நொறுங்கும். வெந்நீர்ப் பை வேண்டாம். உணர்ச்சியற்ற காலில் தோல் வெந்துபோனாலும் பூனைக்குத் தெரியாது. வீட்டிலுள்ள வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், குறிப்பாகப் பாராசிட்டமாலை. மனிதனுக்குச் சாதாரணமான ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஒரு துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து, விடியும்வரை காத்திராமல் கிளம்புங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் இன்னும் அவசரம். நுரையீரலிலும் நீர் கோத்திருக்கலாம்.

வெள்ளையனுக்கு மருத்துவமனையில் என்ன செய்திருப்பார்கள், ஏன் காப்பாற்ற முடியவில்லை என்றும் உங்கள் மனம் கேட்டுக்கொண்டிருக்கும். இந்த நோய்க்கு முதல் மருந்து வலி நிவாரணிதான். சாதாரண வலி ஊசி போதாது; ஃபென்டானில், பியூப்ரெனார்ஃபின் போன்ற அபின் வகை மருந்துகள் தேவை. நுரையீரலில் நீர் இருந்தால் அதை வெளியேற்ற ஃபுரோசமைடு ஊசியும் ஆக்சிஜனும். பிறகு ஹெப்பாரின் வகை ஊசி. ஹெப்பாரின் இருக்கிற கட்டியைக் கரைக்காது. அது மேலும் வளராமல், புதிது உண்டாகாமல் பிடித்து நிறுத்தும். அடைப்பை மெல்ல மெல்ல அகற்றிக்கொள்வது பூனையின் உடம்புதான்.

'மாரடைப்புக்குக் கட்டியைக் கரைக்கிறார்களே, பூனைக்கும் கரைத்தால் என்ன?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மணிக்கணக்கில் இரத்தமின்றிக் கிடந்த தசையில் பொட்டாசியமும் அமிலமும் சேர்ந்திருக்கும். அடைப்பு சட்டென்று திறந்தால் அவ்வளவும் ஒரே மூச்சில் இதயத்துக்கு வந்து சேரும், இதயம் நின்றுவிடலாம். இரண்டு பின்னங்கால்களும் அடைபட்ட பூனைகளுக்கு, அடைத்த சில மணி நேரத்துக்குள் கரைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளிவந்தது. மருந்து பெற்ற பூனைகள் கூடுதலாகப் பிழைத்தன என்று உறுதியாகச் சொல்லும்படி அதில் எதுவும் தெரியவில்லை. அதனால் நான் கரைக்கும் மருந்தைக் கையிலெடுப்பதில்லை. கரைக்கும் மருந்து கொடுக்காமலே, தானாகத் திறந்துகொண்ட அடைப்பினாலும் இரண்டாம் நாள் இப்படி நேர்வதுண்டு. வெள்ளையன் மறுநாள் மாலை போனதற்கு அதுவோ, அவனது களைத்த இதயமோ காரணமாக இருந்திருக்கலாம்.

பிழைப்பதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு கால் மட்டும் பாதிக்கப்பட்ட பூனைக்கு நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டும் போய், ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 99 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே காட்டினால் பிழைக்கும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. பூனையின் இயல்பான சூடு 100.5 முதல் 102.5 வரை. என்னிடம் வந்த ஒரு தெருப்பூனைக்கு வலது பின்னங்கால் மட்டும் அடைத்திருந்தது. வளர்த்த அம்மாள் ஒரு மாதத்துக்கும் மேலாக அந்தக் காலைத் தினமும் மெதுவாக மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தார். ஆறாவது வாரம் என் மேசையிலிருந்து தானாகக் குதித்து இறங்கியது, பாதத்தைக் கொஞ்சம் மடித்து ஊன்றியபடி. அந்த அம்மாள் அழுதுவிட்டார். அதே மேசையில், வலி அடங்காமல், மூச்சும் விட முடியாமல் கிடந்த பூனைகளுக்கு ஊசி போட்டு விடைகொடுத்தும் இருக்கிறேன். அப்படி முடிவெடுத்தவர்களின் அன்பு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

இனி சாம்பு. ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதலாவது, பூனையின் ஈரலுக்கு ஆஸ்பிரினை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. உங்கள் மாமனாருக்கு சில மணி நேரத்தில் வெளியேறிவிடுவது பூனை உடம்பில் நாள்கணக்கில் தங்கும். தினம் 75 மில்லிகிராம் கொடுத்தால் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்து நஞ்சாகிவிடும். முன்பு பூனைக்கு ஆஸ்பிரின் எழுதிய மருத்துவர்களும் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் எழுதினார்கள். இரண்டாவது, இதைவிட நல்ல மருந்து இருக்கிறது. ஒருமுறை கட்டி அடைத்துப் பிழைத்த பூனைகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆஸ்பிரினும் மற்றதற்குத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையும் கொடுத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2015-இல் வெளியானது. மறுபடி கட்டி வருவதற்கு ஆன காலத்தின் இடைநிலை ஆஸ்பிரின் குழுவில் 192 நாள், குளோபிடோக்ரெல் குழுவில் 443 நாள். நான் ஆஸ்பிரினை விட்டதற்கு இந்த எண்களே காரணம்.

அப்படியானால் குளோபிடோக்ரெலை வாங்கிக் கொடுத்துவிடலாமா? அதற்கும் இப்போது என் பதில் வேண்டாம் என்பதுதான். சாம்புவின் இதயம் எப்படி இருக்கிறதென்று நமக்கு இன்னும் தெரியாது. மேலறை வீங்காத பூனைக்கு இந்த மாத்திரையால் பலனில்லை. இரத்தக்கசிவு அபாயம் மட்டும் மிஞ்சும். ஆனால் உடன்பிறந்தவனுக்கு வந்திருப்பதால் சாம்புவைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். மெயின் கூன், ராக்டால் இனங்களில் இந்த நோய்க்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்; அந்தச் சோதனை உங்கள் பாரசீகப் பூனைக்கு உதவாது. எக்கோதான் எடுக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கவில்லை என்பதை வைத்து நிம்மதியடைய வேண்டாம். சத்தமே இல்லாமல் நோய் முற்றிய பூனைகளும் உண்டு, சத்தம் இருந்தும் இதயம் நலமாக உள்ள பூனைகளும் உண்டு.

எக்கோ அறிக்கையில் நான் முதலில் தேடுவது இடது மேலறைக்கும் பெருந்தமனிக்கும் உள்ள அளவு விகிதத்தை. ஏறக்குறைய 1.5 வரை கவலையில்லை. மேலறை நடுத்தரமாகவோ அதற்கு மேலோ வீங்கியிருந்தால், பூனை ஓடியாடி விளையாடினாலும் குளோபிடோக்ரெல் தொடங்கச் சொல்வேன். 2020-இல் அமெரிக்க கால்நடை உள்மருத்துவக் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. புகை சுழல்வதோ கட்டியோ கண்ணில் பட்டால், சில பூனைகளுக்கு ரிவராக்சபான் என்ற இன்னொரு உறைவுத் தடுப்பு மருந்தையும் சேர்ப்பதுண்டு. அதை உங்கள் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஒருவேளை மாத்திரை தேவைப்பட்டால் அளவு எளிது. மனிதருக்கான 75 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, அதாவது 18.75 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. கொடுப்பதுதான் பாடு. அது வேப்பங்காயை மிஞ்சும் கசப்பு. நாக்கில் பட்டால் சாம்பு நுரை கக்குவான், மறுநாள் உங்கள் கையைக் கண்டாலே ஓடி ஒளிவான். மருந்துக்கடையில் சிறிய காலி ஜெலட்டின் காப்ஸ்யூல் கிடைக்கும். மாத்திரையைப் பிளந்த தூள் வெளியே ஒட்டாமல் துடைத்து, கால் பங்கை அதற்குள் போட்டு மூடி, மேலே துளி வெண்ணெய் தடவி நாக்கின் பின்பகுதியில், தொண்டைக்கு அருகே வையுங்கள். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் சிறிது தண்ணீர் விடுங்கள். காப்ஸ்யூல் தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொள்ளாது. ஒரு தட்டில் நான்கு நாள் காப்ஸ்யூல்களை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்கிறவர்கள் நாள் தவறாமல் கொடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்து, மருந்து பலிக்காமல் போவதைவிட வீட்டார் கொடுக்க முடியாமல் கைவிடுவதே அதிகம்.

மாத்திரை தேவைப்பட்டாலும் தேவைப்படாவிட்டாலும் இன்றிரவிலிருந்தே ஒன்றைத் தொடங்குங்கள். சாம்பு ஆழ்ந்து தூங்கும்போது அவன் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் சிறிது நேரம் விட்டு மறுபடி எண்ணுங்கள். அப்போதும் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். இன்னொன்று: எக்கோ முடிவு தெரியும்வரை தோல் அரிப்புக்கென்று நாள்கணக்கில் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போட ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒளிந்திருந்த இதய நோய் அந்த ஊசிக்குப் பிறகு நுரையீரல் நீர்க்கோப்பாக வெளிப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். பாரசீகப் பூனைக்குத் தோல் தொல்லை அடிக்கடி வரும், அந்த ஊசியும் எளிதாகப் போடப்படும். அதனால்தான் தனியாகச் சொல்கிறேன்.

ராணியின் கதை வேறு. நாய்க்குப் பூனை போல இதயத் தசை தடித்துக் கட்டி வருவது அரிது. நாயின் இரத்தம் உறைவதற்குப் பின்னால் அநேகமாக வேறொரு நோய் நிற்கும். சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடும்போது உறைதலைத் தடுக்கும் புரதமும் சேர்ந்து போய்விடுகிறது. அட்ரினல் சுரப்பியின் மிகைச் சுரப்பிலும் வரலாம். எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, உடம்பே தன் சிவப்பணுக்களை எதிரியென்று எண்ணி அழிக்கும் நோயை. அதில் நாயைக் கொல்வது பலமுறை சோகையல்ல, நுரையீரலில் போய் அடைக்கும் கட்டி. நேற்றுவரை தேறிவந்த நாய் திடீரென்று உட்கார முடியாமல், படுக்க முடியாமல் மூச்சு வாங்கும், நாக்கு நீலமாகும், எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் தெரியாது.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் வெவ்வேறு கிருமிகள் இருக்கின்றன, அவை செய்யும் வேலையும் வேறு வேறு. பேபீசியா சிவப்பணுக்களை உடைக்கும். சில நாய்களில் மேற்சொன்ன தற்தாக்குதலையும் தூண்டிவிடும். எர்லிக்கியா தட்டணுக்களைக் குறைக்கும். தட்டணு குறைந்த நாய்க்கு இரத்தம் உறையாது, கசியும். அந்த நாய்க்கு ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ கொடுத்தால் நீங்களே காயத்தைத் திறந்துவிட்டதாக ஆகும். அதனால் ராணியின் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். தட்டணு எத்தனை? நலமான நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டரில் ஏறக்குறைய 2 முதல் 5 லட்சம் இருக்கும். சிவப்பணுக்களை உடம்பே அழிக்கிறதா என்று சோதித்தீர்களா? அழிக்கிறது என்றால், தட்டணு 30,000-க்குக் கீழே போகாத வரையில், உறைவைத் தடுக்கும் மருந்தைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும் என்பதே இன்றைய நடைமுறை. அளவு அவள் எடையைப் பொறுத்தது. பூனைக்குச் சொன்ன கால் மாத்திரைக் கணக்கு அவளுக்குப் பொருந்தாது. தினமும் காலையில் அவள் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறிலோ அடிவயிற்றுத் தோலிலோ குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள், மூக்கில் இரத்தம், தார் போன்ற கரிய மலம் – எது தெரிந்தாலும் அன்றே அழைத்துப் போங்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிற நாய்க்கு மெலாக்சிகாம் போன்ற வலி மாத்திரையை யார் சொன்னாலும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், குடல் புண்ணாகிவிடும்.

உண்ணியை ஒழிக்காமல் ராணியைத் தேற்ற முடியாது. நாயின் மேல் நீங்கள் காணும் உண்ணி கொஞ்சம்தான். மிச்சம் திண்ணைச் சுவரின் வெடிப்பிலும், நிலைக்கதவின் இடுக்கிலும், அவள் படுக்கும் சாக்கின் அடியிலும் முட்டையோடு இருக்கிறது. வெடிப்புகளைச் சிமென்ட் பூசி அடையுங்கள், சாக்கைக் கொளுத்துங்கள், ஃப்ளூராலானர் அல்லது அஃபாக்சோலானர் வகை மாத்திரையை இடைவெளி தவறாமல் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் சாம்பு அவள் பக்கத்தில்கூடப் படுக்கக் கூடாது. அது பூனைக்கு நஞ்சு.

எக்கோவுக்கு எங்கே போவது என்றும் யோசிப்பீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பூனைக்கு இதய எக்கோ எடுப்பார்களா, எந்த நாளில் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வசதிப்படாவிட்டால் சென்னை வேப்பேரிக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் கிளம்புங்கள். மூடியுள்ள கூடையில், அவன் வழக்கமாகப் படுக்கும் துணியை விரித்துக் கொண்டுபோங்கள். அங்கே மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றால், வெள்ளையனுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் மேலறை விகிதத்தையும், ஒரு வாரம் நீங்கள் எண்ணிய மூச்சுக் கணக்கையும் சேர்த்து எழுதியனுப்புங்கள். மாத்திரை தேவையா என்பதை அந்த இரண்டையும் பார்த்துவிட்டு, உங்கள் மருத்துவரோடும் பேசிவிட்டுச் சொல்கிறேன்.